ஓப்பன் லைவ் ரைட்டரிலிருந்து வேர்ட்பிரஸுக்குப் பதிவு போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

இணையம் இல்லாத நேரத்திலும் கணினியில் எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் ஒரே சொடுக்கில் வலைப்பதிவில் ஏற்றுவதற்கு விண்டோஸ்காரர்கள் இன்றும் தேடிப் போவது ஓப்பன் லைவ் ரைட்டரைத்தான். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் லைவ் ரைட்டர் 2012 பதிப்போடு நின்றுபோனது. அதன் நிரல் 2015 டிசம்பரில் திறமூலமாக வெளிவந்து இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. எழுதும் அனுபவத்தில் குறையில்லை. மண்டை காய வைப்பது கணக்கை இணைக்கும் வேலைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிழை வந்ததும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். கணக்கு விவரங்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுவதால், புதிதாக நிறுவினாலும் அதே அமைப்பும் அதே பிழையும் திரும்ப வரும். பழுது பெரும்பாலும் உங்கள் கணினியில் இருக்காது, சர்வரின் வாசலில் இருக்கும். எதைத் தொடுவதற்கு முன்னும் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் 'மை வெப்லாக் போஸ்ட்ஸ்' போல்டரை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரைவுகள், அனுப்பிய பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

முதலில் வாசலைத் தட்டிப் பாருங்கள்

ரைட்டர் வேர்ட்பிரஸோடு எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற பழைய முறையில் பேசுகிறது. அதற்கான வாசல், வேர்ட்பிரஸ் நிறுவிய போல்டரிலேயே இருக்கும் 'எக்ஸ்எம்எல்ஆர்பிசி.பிஎச்பி' என்ற கோப்பு. பெயர் முழுக்கச் சின்ன எழுத்து, நடுவில் கோடு கிடையாது. தள முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, இந்தக் கோப்பின் பெயரையும் சேர்த்து பிரவுசரில் திறந்து பாருங்கள்.

'எக்ஸ்எம்எல்-ஆர்பிசி சர்வர் போஸ்ட் கோரிக்கைகளை மட்டுமே ஏற்கும்' என்ற பொருளில் ஒற்றை ஆங்கில வரி வந்தால் நல்ல செய்தி. பார்க்கப் பிழை போல இருந்தாலும் வாசல் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பிரவுசர் பக்கத்தைக் கேட்டு வாங்கும் 'கெட்' முறையில் கேட்டது, கோப்பு தகவலை அனுப்பும் 'போஸ்ட்' முறையில் கேட்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

403 (அனுமதியில்லை) வந்தால் யாரோ வாசலைப் பூட்டியிருக்கிறார்கள். 404 (பக்கம் இல்லை) வந்தால் வேர்ட்பிரஸ் வேறு துணைப் போல்டரில் இருக்கலாம், அல்லது பாதுகாப்பு என்ற பெயரில் கோப்பையே யாராவது நீக்கியிருக்கலாம். 'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் பக்கம் வந்தால் நடுவில் கிளவுட்ஃபிளேர் போன்ற காவல் நிற்கிறது. அந்தச் சோதனையில் தேற ஜாவாஸ்கிரிப்ட் ஓட வேண்டும். ரைட்டரால் அது ஆகாது, எனவே அந்த முகவரிக்கு மட்டும் விலக்கு விதி எழுத வேண்டும்.

திறந்தபின் பிரவுசரின் முகவரிப் பட்டியையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் அடித்த முகவரி எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியிருக்கிறதா? டபிள்யூ மூன்றும் புதிதாக ஒட்டிக்கொண்டதா, உதிர்ந்துபோனதா? மாறியிருந்தால், மாறிய முகவரிதான் ரைட்டரில் கொடுக்க வேண்டியது. சர்வர் 301 (முகவரி மாறிவிட்டது) சொல்லித் திருப்பிவிடும்போது, போஸ்ட்டாகப் போன கோரிக்கை வழியில் கெட்டாக மாறி, உள்ளடக்கம் இல்லாமல் வெறுங்கையோடு போய்ச் சேரும். பிரவுசரில் எல்லாம் சரி, ரைட்டரில் மட்டும் 405 (இந்த முறையில் கேட்கக் கூடாது) என்று வரும் தளங்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: தளத்தின் வகையையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது

ரைட்டர் முதலில் உங்கள் முகப்புப் பக்கத்தைப் படித்து, அதன் தலைப்பகுதியில், எந்த வாசலில் பேசலாம் என்று சொல்லும் ஆர்எஸ்டி என்ற இணைப்பைத் தேடும். தளத்தை வேகமாக்கும் ப்ளகின்கள் (துணைநிரல்கள்) 'தேவையற்ற வரிகளை நீக்கு' என்று இந்த வரியையும் துடைத்துவிடுகின்றன. 2023இல் வந்த வேர்ட்பிரஸ் 6.3, லைவ் ரைட்டருக்கென்றே இருந்த மேனிஃபெஸ்ட் வரியை எடுத்துவிட்டது உண்மை. ஆனால் இணைப்புக்கு அது தேவையில்லை, அதன்மேல் பழி போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

தானாகக் கண்டுபிடிக்காவிட்டால் கையால் கொடுக்கலாம். கணக்கு சேர்க்கும்போது 'மற்ற சேவைகள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தள முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் கொடுங்கள். கண்டறிதல் தோற்றதும் வலைப்பதிவின் வகையைக் கேட்கும். பட்டியலில் 'வேர்ட்பிரஸ் 2.2+' என்பதைத் தேர்ந்தெடுத்து, தொலைப்பதிவு முகவரிக் கட்டத்தில் மேலே சோதித்த முழு முகவரியை ஒட்டுங்கள். அதே பட்டியலில் இருக்கும் 'மெட்டாவெப்லாக்' வகையும் வேலை செய்யும், ஆனால் குறிச்சொற்கள் போன்ற வேர்ட்பிரஸ் வசதிகள் சில கைவிட்டுப் போகும்.

அறிகுறி: கடவுச்சொல் சரிதான், ஆனால் தவறு என்கிறது

டாஷ்போர்டில் நுழைய முடிகிறது, அதே கடவுச்சொல்லை ரைட்டர் ஏற்பதில்லை என்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்க ரைட்டரில் இடமே இல்லை.

இதற்கு மருந்து, வேர்ட்பிரஸ் 5.6இல், அதாவது 2020 டிசம்பரில் வந்த 'அப்ளிகேஷன் பாஸ்வேர்டு'. டாஷ்போர்டில் யூசர்ஸ், புரொஃபைல் என்று போய்ப் பக்கத்தின் அடிப்பகுதிக்கு வாருங்கள். ஏதாவது ஒரு பெயர் கொடுத்துச் சேர்த்தால், நான்கு நான்காகப் பிரித்த 24 எழுத்துக் கடவுச்சொல் கிடைக்கும். ஒரே ஒருமுறைதான் காட்டும், உடனே நகலெடுங்கள். இடைவெளிகள் இருந்தாலும் பரவாயில்லை, வேர்ட்பிரஸ் அவற்றைக் கழித்துக்கொள்ளும். ரைட்டரில் பயனர் பெயராக உங்கள் வழக்கமான லாகின் பெயரையே கொடுக்க வேண்டும். அப்ளிகேஷனுக்கு வைத்த பெயரையோ, பதிவின் கீழே தெரியும் காட்சிப் பெயரையோ கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் அதிகம்.

அந்தப் பகுதியே புரொஃபைலில் தெரியவில்லையா? ஒன்று, தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இல்லை. அல்லது பாதுகாப்பு ப்ளகின் அதை மறைத்திருக்கிறது. வேர்ட்ஃபென்ஸ் நிறுவிய உடனே இந்த வசதியை அணைத்துவிடும், அதன் அமைப்புகளில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும்.

'இந்தத் தளத்தில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி சேவை முடக்கப்பட்டுள்ளது' என்று வந்தால் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. வேர்ட்பிரஸ் 3.5 முதல், 2012 டிசம்பரிலிருந்து, இந்தச் சேவை இயல்பாகவே திறந்திருக்கிறது. முடக்கியது ஒரு ப்ளகினாகவோ, தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் யாரோ ஒட்டிய ஒரு வரியாகவோ இருக்கும். இப்படி முடக்கினால் கடவுச்சொல் தேவைப்படும் வேலைகள் மட்டுமே நிற்கும், கோப்பு திறந்தேதான் இருக்கும். அதனால் பிரவுசர் சோதனை பச்சைக்கொடி காட்டும், ரைட்டர் மட்டும் தோற்கும்.

நுழைந்துவிட்டது, ஆனால் வெளியிட அனுமதியில்லை என்கிறதா? உங்கள் பொறுப்பு 'கான்ட்ரிபியூட்டர்' ஆக இருக்கலாம். அவர்களுக்கு வெளியிடும் உரிமையும் இல்லை, படம் ஏற்றும் உரிமையும் இல்லை. குறைந்தது 'ஆதர்' ஆக்கச் சொல்லுங்கள்.

தவறான கடவுச்சொல்லோடு ஐந்தாறு முறை முயன்றிருந்தால், சரியானதைக் கொடுத்தாலும் இப்போது ஏற்காது. முயற்சிகளை எண்ணும் ப்ளகின் உங்கள் இணைப்பின் ஐபி முகவரியையே பூட்டியிருக்கும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மாறி முயன்று பாருங்கள். அங்கே வேலை செய்தால் பூட்டு ஐபிக்குத்தான்.

அறிகுறி: 403 அல்லது 406

இதுதான் மிகப் பரவலான தொல்லை. காரணம் இல்லாமல் இல்லை. 2014இல், ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்ததைத் தெரிவிக்கும் பிங்பேக் வசதியை வைத்து ஆயிரக்கணக்கான வேர்ட்பிரஸ் தளங்களைக் கருவியாக்கி மற்றத் தளங்களைத் தாக்கினார்கள். 2015இல் ஒரே கோரிக்கைக்குள் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களைத் திணித்துச் சோதிக்கும் தந்திரம் பரவியது. அந்த இரண்டாவது ஓட்டையை வேர்ட்பிரஸ் 4.4 அடைத்தது. ஆனாலும் ஹோஸ்டிங்காரர்கள் பலர் கோப்பையே பூட்டிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

பூட்டு எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து உள்ளே வரிசையாகத் தேடுங்கள். முதலில் கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிக்காவல். அடுத்து ஹோஸ்டிங் பேனலில் இருக்கும் வேர்ட்பிரஸ் பாதுகாப்புப் பொத்தான்கள், சர்வரின் வடிகட்டியான மோட்செக்யூரிட்டியின் விதிகள். 406 என்றால் அநேகமாக மோட்செக்யூரிட்டிதான். பிறகு சர்வருக்கு விதி சொல்லும், தளத்தின் எச்டிஅக்சஸ் கோப்பு: அதில் இந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி எல்லோரையும் மறுக்கும் நாலு வரி இருக்கும். கடைசியாகப் பாதுகாப்பு ப்ளகின்கள்.

ஊகிப்பதைவிட அணுகல் பதிவேட்டைப் பார்ப்பது மேல். ஹோஸ்டிங் பேனல் சிபேனல் என்றால் அதில் 'ரா ஆக்சஸ்' என்ற இடத்தில் இறக்கலாம். ரைட்டரில் பப்ளிஷ் அழுத்திய நிமிடத்துக்கான போஸ்ட் வரியைத் தேடுங்கள். வரியே இல்லையென்றால் கோரிக்கை சர்வர்வரை வரவில்லை, வெளிக்காவல் தடுத்திருக்கிறது. வரி இருந்து 403 என்றிருந்தால் பூட்டு சர்வருக்குள். 200 என்றிருந்தால் பூட்டே இல்லை, அடுத்த அறிகுறிக்குப் போங்கள். கெட்டை விட்டுவிட்டுப் போஸ்ட்டை மட்டும் தடுக்கும் விதிகளும் உண்டு. அவை பிரவுசர் சோதனையில் சிக்காது, இந்தப் பதிவேட்டில் சிக்கும்.

ஜெட்பேக் ப்ளகின் ஒழுங்காக இயங்குகிறதே, அதுவும் இதே வாசலைத்தானே பயன்படுத்துகிறது என்று குழம்ப வேண்டாம். ஹோஸ்டிங்காரர்கள் பலர் ஜெட்பேக்கின் ஐபிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருப்பார்கள். அதேபோல உங்கள் ஐபிக்கும் விலக்கு வாங்கலாம் என்று தோன்றும். வீட்டு இணைப்புகளில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் அது நிற்காது. கோப்பைத் திறந்துவிட்டு, நிமிடத்துக்கு இத்தனை முயற்சி என்று வரம்பு வைக்கச் சொல்லிக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அவர்கள் திறக்க மறுத்தால் ஒரு சுற்றுவழி இருக்கிறது. ரைட்டரில் எழுதி முடித்து, கீழே உள்ள 'சோர்ஸ்' தாவலில் வரும் எச்டிஎம்எல்லை நகலெடுத்து, டாஷ்போர்டின் கோடு எடிட்டரில் ஒட்டுங்கள். படங்களைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: சர்வர் அனுப்பிய பதில் செல்லாது என்கிறது

பதிவு தளத்தில் ஏறியிருக்கும், ரைட்டரோ தோற்றுவிட்டதாகச் சொல்லும். நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள், ஒரே பதிவு இரண்டு மூன்றாகப் பெருகும். எனவே இந்தப் பிழை வந்தால் முதலில் தளத்தைப் பாருங்கள், பிறகு அழுத்துங்கள்.

சர்வரின் பதில் எக்ஸ்எம்எல்லாகத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வெற்று வரி ஒட்டிக்கொண்டாலும் பதில் கெட்டுவிடும். அந்த வரி வருவது பெரும்பாலும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பிலிருந்தோ தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பிலிருந்தோதான்: பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்போ, முடிவுக் குறிக்குப் பின்போ விழுந்த ஒரு என்டர். முடிவுக் குறி அங்கே தேவையே இல்லை, நீக்கிவிடலாம்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 'மேலும் படிக்க' போன்ற தமிழ்ச் சொற்களைச் சேர்க்க, தீம் கோப்பை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8இல் சேமித்திருப்பீர்கள். பழைய நோட்பேடு அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட்டுகளைச் சொல்லாமல் வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் நோட்பேடு பிஓஎம் இல்லாமல் சேமிப்பதை இயல்பாக்கியது. அதற்கு முன் திருத்திய கோப்புகள் இன்னும் உங்கள் சர்வரில் இருக்கலாம். நோட்பேடு++இல் திறந்து, என்கோடிங் பட்டியலில் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்து மறுபடி ஏற்றுங்கள்.

சரிபார்க்க எளிய வழி: தளத்தின் ஆர்எஸ்எஸ் ஊட்டத்தைப் பிரவுசரில் திறந்து மூலத்தைப் பாருங்கள். முதல் வரி காலியாக இருந்தால் நோய் உறுதி. பிஓஎம் மட்டும் என்றால் ஊட்டம் சரியாகவே தெரியலாம், ஆகவே ஊட்டம் சரி என்பதை வைத்துக் கோப்புகளைக் குற்றமற்றவை என்று விட்டுவிடாதீர்கள்.

ஹோஸ்டிங்கில் பிஎச்பி பதிப்பை ஏற்றிய மறுநாள் இந்த மாதிரிப் பிழை தொடங்கியதென்றால், புதிய பதிப்பில் எக்ஸ்எம்எல் எக்ஸ்டென்ஷன் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பாதுகாப்பான இணைப்பை உருவாக்க முடியவில்லை

பழைய விண்டோஸ் கணினிகளில் வரும். ரைட்டர் சார்ந்திருக்கும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட், டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையின் பழைய 1.0 பதிப்பில் பேச முயல்கிறது, சர்வர் 1.2க்குக் குறைந்து பேச மறுக்கிறது. முதலில் விண்டோஸ் அப்டேட்டையும் டாட்நெட்டையும் புதுப்பியுங்கள். அதற்கும் மசியாவிட்டால், ரெஜிஸ்ட்ரியில் டாட்நெட் பிரேம்வொர்க்கின் 4.0.30319 கிளையில் 'எஸ்சிஎச் யூஸ் ஸ்ட்ராங் கிரிப்டோ' என்ற டிவேர்டு மதிப்பை 1 ஆக்க வேண்டும். 64 பிட் கணினியில் 'வாவ்6432நோடு' கிளைக்குள்ளும் அதையே செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிடுபவர்கள் உண்டு.

அறிகுறி: எழுத்து போகிறது, படம் போகவில்லை

கைப்பேசிப் படம் 6 எம்பி என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்எம்எல்லுக்குள் படத்தை அப்படியே வைக்க முடியாது, பேஸ்64 எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்: 6 எம்பி, 8 எம்பி ஆகிவிடும். பிஎச்பியின் 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' இயல்பு அளவே 8 எம்பிதான். என்ஜின்எக்ஸ் சர்வரில் உள்ளடக்க வரம்பின் இயல்பு 1 எம்பி. அங்கே சுமார் 750 கேபிக்கு மேற்பட்ட படம் எதுவும் போகாது, 413 (அளவு மிகப் பெரிது) வரும்.

இந்த இடத்தில் எல்லோரும் 'அப்லோடு மேக்ஸ் ஃபைல்சைஸ்' என்பதை ஏற்றச் சொல்வார்கள். அது படிவம் வழியாக ஏற்றும் கோப்புகளுக்கான வரம்பு. ரைட்டர் அந்த வழியில் அனுப்புவதில்லை, ஆகவே அதை 64 எம்பி ஆக்கினாலும் பலனிருக்காது. போஸ்ட் வரம்பையும், என்ஜின்எக்ஸ் என்றால் அதன் உள்ளடக்க வரம்பையும்தான் ஏற்ற வேண்டும்.

அதைவிடப் படத்தைச் சிறிதாக்குவது நல்லது. 1200 பிக்சல் அகலம் வலைப்பதிவுக்குத் தாராளம். எடிட்டருக்குள் படத்தின் மூலையைப் பிடித்துச் சுருக்கினால் மட்டும் போதாது. படத்தின் 'லிங்க் டு' அமைப்பு 'சோர்ஸ் பிக்சர்' என்று இருந்தால், சுருக்கிய படத்தோடு இணைப்புக்கான பெரிய படமும் தனிக்கோப்பாகப் போகும். இணைப்பு வேண்டாம் என்று மாற்றுங்கள். கோப்பின் பெயரையும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் படமும் போகவில்லை, கோப்பை எழுத முடியவில்லை என்று வந்தால் சர்வரில் 'அப்லோட்ஸ்' போல்டரின் உரிமையைப் பாருங்கள். 755 இருக்க வேண்டும், போல்டரின் உரிமையாளரும் சரியாக இருக்க வேண்டும்.

அறிகுறி: தமிழ் உடைகிறது

கேள்விக்குறிகளாக வந்தால், அதே வரியை டாஷ்போர்டில் நேரடியாக அடித்துச் சேமித்துப் பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் ரைட்டருக்குச் சம்பந்தமில்லை, டேட்டாபேஸ் அட்டவணை தமிழ் கொள்ளாத லேட்டின்1 குறியாக்கத்தில் இருக்கிறது. யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்ற வேண்டும், முழு நகல் எடுத்த பிறகே. கேள்விக்குறியாகச் சேமித்த எழுத்தை மீட்க முடியாது, கணினியில் இருக்கும் வரைவிலிருந்துதான் மறுபடி அனுப்ப வேண்டும்.

ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தால், ஒட்டிய உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்திருக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடாக மாற்றிய பிறகு ஒட்டுங்கள். வேர்டிலிருந்து நகலெடுக்கும்போது 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக வெறும் உரையாக ஒட்டுவது எப்போதும் நல்லது.

பதிவின் முகவரி பாதியில் வெட்டுப்படுவது வேறு கதை. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம் ஒதுக்குகிறது. தமிழ்த் தலைப்பு சதவீதக் குறியீடாக மாறும்போது ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 9 இடம் போய்விடும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் கணக்கு. 'மார்கழி மாதக் கோலங்களும்' என்ற மூன்று சொற்களே 22 குறிகள், இரண்டு இணைப்புக் கோடுகள். சரியாக 200. அதற்குப் பின் தலைப்பில் என்ன இருந்தாலும் முகவரியில் வராது. அப்படித் தொடங்கும் தொடர் எழுதினால் இரண்டாம் பதிவின் முகவரியில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். எஃப்2 விசையை அழுத்திப் பதிவின் பண்புகளைத் திறந்து, 'ஸ்லக்' கட்டத்தில் குட்டியாக ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். வெளியிடுவதற்கு முன் கொடுப்பது நல்லது.

அறிகுறி: போய்விட்டது என்கிறது, தளத்தில் காணோம்

'வரைவாக அனுப்பு' என்பதை அழுத்தியிருக்கலாம். அல்லது தேதிக் கட்டத்தில் கை வைத்திருக்கலாம். சர்வரின் நேரத்தைவிடப் பிந்திய நேரம் கொடுத்தால் பதிவு 'ஷெட்யூல்டு' வரிசையில் போய் உட்காரும். யாராவது தளத்துக்கு வந்தால்தான் வேர்ட்பிரஸின் கால ஏற்பாடு விழிக்கும் என்பதால், வருகை குறைந்த தளங்களில் குறித்த நேரம் தாண்டியும் அங்கேயே கிடக்கும். தேதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

பொது அமைப்புகளில் நேர மண்டலம் யூடிசியாக இருந்தால் தேதியும் தவறும்: சென்னையில் அதிகாலை 4 மணிக்குப் போட்ட பதிவு முந்தைய நாள் இரவு 10.30 என்று காட்டும். பட்டியலில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள், இலங்கை என்றால் கொழும்பு.

அறிகுறி: நீங்கள் எழுதாத ஒரு பதிவு தளத்தில் இருக்கிறது

'டெம்பரரி போஸ்ட்' என்று தொடங்கும் தலைப்போடு, கீழே நீளமாக ஓர் எண்–எழுத்துக் கோவை. யாரும் ஊடுருவவில்லை. உங்கள் தீமின் தோற்றத்தை அறிய ரைட்டர் ஒரு சோதனைப் பதிவைப் போட்டு உடனே அழிக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் அது அப்படியே தங்கிவிடும். கையால் நீக்கலாம். ஊட்ட வாசகர்கள் பலருக்கு அதற்குள் போயிருக்கும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த கணக்கு சேர்க்கும்போது தற்காலிகப் பதிவு போடலாமா என்று கேட்கையில் 'நோ' சொல்லுங்கள். எழுதும் பரப்பு வெறுமையாக இருக்கும், வேறு நஷ்டமில்லை.

அறிகுறி: திருத்திய பழைய பதிவு டாஷ்போர்டில் சிதைந்து நிற்கிறது

2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 முதல் பதிவுகள் பிளாக்குகளாகச் சேமிக்கப்படுகின்றன. பிளாக்கின் எல்லைகள் எச்டிஎம்எல் குறிப்புகளாக உள்ளே இருக்கும். ரைட்டருக்கு அவற்றின் அர்த்தம் தெரியாது. ரைட்டரில் எழுதியதை ரைட்டரிலேயே திருத்துங்கள், பிளாக்கில் எழுதியதை டாஷ்போர்டில் திருத்துங்கள். ரைட்டர் பதிவுகள் அங்கே ஒரே 'கிளாசிக்' பிளாக்காகத் தெரிவது பழுதல்ல.

பிளாகரிலும் மேக்கிலும்

பிளாகரில் எழுத்து மட்டும் ஏறிப் படம் ஏறாவிட்டால் உங்கள் அமைப்பில் தேடாதீர்கள். ரைட்டர் படங்களை கூகுளின் பிகாசா வெப் ஆல்பம்ஸ் வழியாக ஏற்றிவந்தது, அந்த வழியை கூகுள் 2019இல் மூடிவிட்டது. கணக்கு அமைப்புகளின் 'இமேஜஸ்' பக்கத்தில் படங்களை உங்கள் சொந்த எஃப்டிபி இடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அந்த இடம் இல்லாதவர்கள் எழுத்தை வரைவாக அனுப்பிவிட்டு, படத்தைப் பிரவுசரில் சேர்ப்பதே குறைந்த தலைவலி.

மேக்கில் இதே வேலைக்கு மார்ஸ்எடிட் வைத்திருப்பவர்களுக்கும் வாசல் சோதனை, அப்ளிகேஷன் பாஸ்வேர்டு, 403 எல்லாம் இதேதான். அதன் விண்டோ பட்டியலில் உள்ள 'நெட்வொர்க் லாக்' அனுப்பியதையும் வந்ததையும் அப்படியே காட்டும். ரைட்டரில் அந்த வேலைக்கு 'அபவுட்' பெட்டியில் 'ஷோ லாக் ஃபைல்' பொத்தான் இருக்கிறது. ஹோஸ்டிங்காரருக்கு எழுதும்போது ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாமல், பிழை வந்த நிமிடத்தையும், அந்த லாக் கோப்பில் அதற்கு நேரான வரிகளையும், உங்கள் ஐபியையும் சேர்த்து அனுப்புங்கள். லாக் கோப்பில் கடவுச்சொல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று அனுப்புமுன் ஒருமுறை தேடிவிடுங்கள்.